மடக்கு நாற்காலிக்கு இருந்த இடம்

அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட தாள் நான்கு, இரண்டு பக்கமும் எழுதியது. குடிதண்ணீர்ப் பானை ஆறு, பானை உருளாமல் இருக்கப் பிரிமணை ஆறு என்று ஆரம்பித்து ஐம்பத்து மூன்று சாமான்கள். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரே ஆளைக் காட்ட முடியாது. அந்த ஆட்களில் நானும் ஒருத்தி.

மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆந்திரா எல்லைக்குப் பக்கத்து ஊர் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா, பஸ்ஸில் வேர்க்கடலை சுற்றி வந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அந்தப் பெருமையில்தான் நான் வளர்ந்தேன்.

இரண்டாம் வருஷம் பொங்கல் விடுமுறைக்கு முன்னால் எங்கள் சரித்திரப் பேராசிரியை வகுப்பில் ஒரு திட்டம் சொன்னார். மூன்று நாள் தோணிப் பயணம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் தோணியில் ஏறுவது. ஏரியில் வடக்கே போய் இருக்கம் தீவில் ஒரு ராத்திரி, அங்கே கோயிலும் பாட்டும். பிறகு திரும்பிக் கால்வாய் வழியாகத் தெற்கே வந்து ஒரு பழைய சத்திரத்தில் ஒரு ராத்திரி. கடைசியில் அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் இறங்கி ரயில் பிடிப்பது. சுற்றறிக்கையில் 'பண்பாட்டுப் பயணம்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

"ஏரிக்கரைப் பொண்ணு ஒருத்தி இருக்கா இல்ல நம்ம வகுப்புல?" என்றார் பேராசிரியை. நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. என் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாடை என்று ஜன்னலையும் சேர்த்துத் திறக்கிறவர்கள், அன்றைக்கு முதல் தடவையாக மரியாதையாகத் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலமே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். மெட்ராஸுக்குச் சவுக்குக்கட்டை ஏற்றுகிற தோணி என் பெரியப்பாவுடையது. அந்த வாரம் அதற்குப் பாரம் இல்லை. பேசி முடித்தேன். வாடைக்காற்று அடிக்கிற காலம். போகும்போது கழி ஊன்றித்தான் போக வேண்டும், வரும்போது பாய் விரித்தால் போதும். அதனால் முதல் நாளுக்குத் தண்ணீர் கூடுதலாக, காரம் குறைவாக. புளிசாதம் ஒன்றரை நாள் தாங்கும். தேங்காய் பட்ட எதுவும் கூடாது. தீப்பெட்டி டால்டா டப்பாவுக்குள். பானைகள் நடுவில், விறகு தோணியின் பின்கோடியான பின்னணியத்தில், அரிசி பலகைமேல், எதுவும் தரையில் படக் கூடாது. ஏரியில் பல இடங்களில் முழங்கால் ஆழம்தான், பாரம் கூடினால் தோணி தரைதட்டும். தோணிக்கு இருபத்திரண்டு தலை, அதற்கு மேல் ஒரு தேங்காய்கூடக் கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தார். பெண்கள் பதினாறு, ஆசிரியைகள் இரண்டு, தோணிக்காரர்கள் நான்கு.

பேராசிரியை நான்கு தாளையும் படித்துவிட்டு, "இதை அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றார்.

அடுத்த அறைப் பெண் ஒருத்தி கேட்டாள். "நீ எத்தனை தடவை போயிருக்கே?"

"அதுக்கெல்லாம் கணக்கு இல்ல" என்றேன்.

பொய். ஒரு தடவைகூடப் போனதில்லை.

எங்கள் குப்பத்தில் பெண்கள் தோணியில் ஏறுவதில்லை. தோணி, எங்கள் நீர்த்தெய்வம் கங்கம்மா இருக்கிற இடம். பெண் கால் பட்டால் அவள் இறங்கிப் போய்விடுவாள், மீனும் போய்விடும். ஏறுவது இருக்கட்டும், தொடவும் கூடாது. தொழிலுக்குப் போகிற ஆண்களுக்குச் சோறும் தண்ணீரும் கட்டிக் கொடுப்பது நாங்கள்தான். முழங்கால் தண்ணீர்வரை கூடையைச் சுமந்துகொண்டு போவோம். தோணியிலிருந்து கழியை நீட்டுவார்கள். கூடையின் பிடியைக் கழி முனையில் மாட்டுவோம். அவர்கள் தூக்கி எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கைக்கும் தோணிக்கும் நடுவில் எப்போதும் அந்தக் கழி அளவு தூரம். ஒன்பது வயதிலிருந்து நான் கூடை மாட்டினேன். எது உருளும், எது ஊறும், எது மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம், திரும்பி வந்த கூடைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அதனால்தான் இந்தப் பயணத்தின்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. கல்லூரி அழைத்துப் போகிறது, சுற்றறிக்கையில் பெயர் இருக்கிறது, பெரியப்பா என்ன சொல்ல முடியும்? பதினாறில் ஒருத்தியாக ஏறிவிடுவேன். அந்த ஓர் இடத்துக்காகத்தான் ராத்திரி பகல் பார்க்காமல் நான்கு தாள் எழுதினேன்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது பேராசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கல்லூரிக் கமிட்டி மெம்பர் ஒருவரின் மகள் வர விரும்புகிறாளாம். சரித்திர மாணவிகூட இல்லை.

"நீதான் பொறந்ததிலேருந்து அந்த ஏரியிலேயே கிடக்கிறியேம்மா. உனக்கு இதுல புதுசா என்ன இருக்கப் போகுது? ஒண்ணும் பார்க்காத பொண்ணு ஒருத்தி போகட்டும். நீ கரையில இருந்து எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிடு. அதுவே எங்களுக்குப் பெரிய உதவி."

குரலில் அவ்வளவு அன்பு. நான்கு தாள் எழுதினவளின் இடத்தை எடுத்து, எழுதாதவளுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு என்னிடமே நல்ல பெயரும் கேட்கிற அன்பு. 'நான் ஒரு நாளும் ஏறியதில்லை மிஸ், பார்க்காதவள் நான்தான்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்ன நிமிஷமே என் பட்டியல் வெறும் காகிதமாகிவிடும். கணக்கே இல்லை என்று பீற்றிக்கொண்டது ஹாஸ்டல் முழுக்கச் சிரிப்பாகிவிடும்.

"சரிங்க மிஸ்" என்றேன்.

அந்த 'சரி'க்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த நாட்களில் ஹாஸ்டல் வராந்தாவில் எல்லார் பெட்டியையும் சோதித்தேன். அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த அதிகாரம். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செலுத்தினேன். ஒருத்தி ஹோல்டாலுக்குள் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தாள். ஒருத்தி குதிகால் செருப்பு இரண்டு ஜோடி. "கல்லறைக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணா?" என்று கேட்டு வெளியே எடுத்துப் போட்டேன். கமிட்டி மெம்பர் மகள் மட்டும் ஒரே ஒரு துணிப்பையோடு வந்து, பட்டியலில் இருந்ததை இருந்தபடி காட்டினாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவள்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

பயண நாளன்று காலையில் அவர்கள் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். நான் முந்தின நாளே வந்து சாமான்களைக் கரையில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவர்கள் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருவதற்குள், ஒவ்வொரு கூடையாகக் கழி முனையில் மாட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பா தோணியில் நின்று வாங்கிக்கொண்டார். நைனா கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். என் அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிற கோலத்தில், வாயில் கடித்துக்கொள்கிற ஓலைப் பறிகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பலகை போட்டு ஒவ்வொரு பெண்ணாக ஏறினார்கள். பதினாறு பெண்கள், முப்பத்திரண்டு கால். கங்கம்மா எங்கும் இறங்கிப் போனதாகத் தெரியவில்லை. ஆசிரியைகளுக்காக நான்கு மடக்கு நாற்காலியும் ஒரு மடக்கு மேஜையும் வந்திறங்கின. பட்டியலில் இல்லாதவை. "இன்னாம்மா இது, கலியாணமா?" என்று முனகிக்கொண்டே பெரியப்பா ஏற்றினார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு கமிட்டி மெம்பர் மகள் தோணிக்காரர் ஒருவரைக் கேட்டாள். "ஏங்க, பாத்ரூமுக்கு எங்கே போகணும்?"

அவர் கையை நீட்டி ஏரியை ஒரு சுற்றுக் காட்டினார். "எம்மாம் பெருசா கட்டி வச்சிருக்கான் பாரு தங்கச்சி. கதவுதான் வைக்க மறந்துட்டான்."

தோணியில் ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி உடனே, "நான் இறங்கிக்கிறேன் மிஸ், எனக்கு முடியாது" என்று எழுந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். பேராசிரியை என் பட்டியலை எடுத்தார். அவர் விரல் ஒன்றிலிருந்து ஐம்பத்து மூன்றுவரை இறங்கிப் போவதை நான் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல ஒண்ணும் இல்லையே. ஒரு மறைப்புத் துணிகூட இல்லை. எங்கே நிறுத்தறதுன்னும் எழுதலை. நீ போறப்பல்லாம் என்ன பண்ணுவே?"

 தீப்பெட்டி நனையாமல் இருக்க வழி யோசித்தவள், பதினெட்டுப் பெண்கள் மூன்று நாள் எங்கே ஒதுங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. எனக்கும் அதே உடம்புதானே? ஆனால் நான் கட்டிய கூடைகள் எல்லாம் ஆண்களுக்குக் கட்டியவை. அவர்கள் தோணி விளிம்பில் நின்றால் முடிந்தது. பெண் கட்டுகிற கூடை, பெண் கையால் எழுதின பட்டியல், அதில் பெண்ணுக்கென்று ஒரு வரி இல்லை. இந்தத் தப்பை மெட்ராஸ்காரி எவளும் செய்திருக்க மாட்டாள். தோணிக்காரன் மகளால்தான் செய்ய முடியும்.

"நான் ஏறினதே இல்ல மிஸ்."

"என்னது?"

"எங்க ஊர்ல பொம்பளைங்களைத் தோணியில ஏற உட மாட்டாங்க. கூடை கட்டிக் குடுத்திருக்கேன். அவ்வளவுதான் தெரியும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கவே இல்ல மிஸ். பொறந்ததிலேருந்து அதுல கிடக்கிறவன்னு நீங்களே முடிவு பண்ணிட்டு என் இடத்தை எடுத்துக்கிட்டீங்க. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்திச்சு. இப்ப சொல்றேன். பார்க்காதவ நான்தான்."

நான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது, கரையில் ஆட்கள் கூடின பிறகுதான் எனக்கே தெரிந்தது.  அதற்குள் பின்னால் இருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு இந்தக் கூச்சல்? ஒதுங்கறதுக்கு எடமா இல்ல? சங்குமேட்டாண்ட நிறுத்தச் சொல்லு. ஆளு ஒசரத்துக்குப் பொதரு கீது."

"சங்குமேட்டுல முள்ளு குத்தும்க்கா" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். "சீல கிழிஞ்சி பேஜாராப் பூடும். புள்ளத்தாச்சித் திட்டுதான் நல்லது."

"அங்க சேறு. இந்தப் பொண்ணுங்க எறங்கினா இடுப்புவரைக்கும் பூடும். அப்புறம் எவன் புடிச்சி இழுக்கறது?"

"இழுக்கறதுக்கா ஆளில்ல? தோணி நெறைய கீறானுங்களே."

பெண்கள் இப்போது சிரித்தார்கள். தோணியில் இருந்தவர்களும். மூன்று நாள் வழிக்கும் ஆறேழு இடம் சொன்னார்கள். ஏரியை ஆண்கள் தோணியில் பார்த்தார்கள். எங்கள் பெண்கள் இறால் தடவித் தடவிக் காலால் நடந்து பார்த்தவர்கள். எந்தத் திட்டில் புதர், எதில் சேறு, எந்தப் பக்கம் மறைவு, எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பேராசிரியை என் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அவசரமாக எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் பெரியப்பாவைக் கேட்டார். "இந்த இடமெல்லாம் உங்களுக்குத் தெரியுமில்ல?"

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "புள்ளத்தாச்சித் திட்டா? அப்டி ஒண்ணு எங்க கீது?"

ஆண்கள் வலை போடுகிற இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பெண்கள் ஒதுங்குகிற இடத்துக்கு வேறு பெயர். அத்தனை வருஷமும் ஒரே ஏரியில் இருந்துகொண்டு ஒருத்தர் வைத்த பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது.

"எம் பொண்ணுக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "காலேஜிக்குப் போறவரைக்கும் எங்கூடத்தான் பறியக் கடிச்சிக்கினு தடவினா. அவள ஏத்திக்கினு போங்க."

"ஏ, இன்னா பேசற நீ?" பெரியப்பா குரலை உயர்த்தினார். "நம்ம ஊட்டுப் பொண்ணு ஏறக் கூடாது. தெரியாதா ஒனக்கு?"

"பதினாறு பொண்ணுங்க ஏறிக் குந்தியிருக்காங்க பெரிப்பா" என்றேன்.

"அவங்க படிச்ச பொண்ணுங்க."

"அப்ப நான்?"

"நீ நம்ம பொண்ணு."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பாசமாகக்கூடச் சொல்லியிருக்கலாம். என்னுடைய பதின்மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் ஏரித் தண்ணீரில் கரைந்து போனது. நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். வேர்க்கடலைக் காகிதத்தை என்னிடம் கொடுத்துக் கேட்கிற நைனா. அவர் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணிகளைப் பார்த்தார். அதில் எதுவும் அறுந்திருக்கவில்லை.

அம்மாதான் விடவில்லை. "கும்மிடிப்பூண்டியில கம்பெனி கட்டறானுங்கன்னு சித்தாள் வேலைக்கு எங்களை லாரியில அடச்சி அனுப்பறீங்களே, அப்ப நாங்க யாரு ஊட்டுப் பொண்ணு?"

பெரியப்பா கணக்குக்குத் தாவினார். "அத்த உடு. இருபத்திரண்டு தலைன்னு சொன்னேன். இவ ஏறினா இருபத்தி மூணு. தரதட்டிச்சின்னா எறங்கித் தள்ளுறது யாரு?"

கணக்கு என்றால் எனக்குத் தெரியும். "அந்த நாற்காலியும் மேஜையும் பட்டியல்ல இல்ல" என்றேன். "நான் அதைவிடக் கனம் கம்மி. அதை இறக்குங்க."

பேராசிரியை அசையவில்லை. இன்னொரு ஆசிரியை ஏற்கெனவே ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்தார். யாருக்கும் எழ மனம் இல்லை. அப்போது கமிட்டி மெம்பர் மகள் எழுந்து, மடித்து வைத்திருந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிப் பலகை வழியே கரைக்கு இறக்கினாள்.  என்னைப் பார்க்கவில்லை. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. உட்கார்ந்திருந்த ஆசிரியை தானாகவே எழுந்துகொண்டார். மேஜையைத் தூக்க இன்னொரு பெண்ணும் கை கொடுத்தாள். அந்தக் கமிட்டி மெம்பர் மகளைத்தான் ஐந்து நாளாக நான் வெறுத்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை. எனக்கு உரிய இடம், அதற்கு எதற்கு நன்றி? ஆனால் அவளை வெறுக்கவும் அதன்பிறகு முடியவில்லை, அது ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது.

பெரியப்பா பலகையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அதில் கால் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான். தோணி கொஞ்சம் நகர்ந்தது. கடைசிக் கூடை என் கையில் இருந்தது: எலுமிச்சம்பழமும் உப்பும். அது இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். வழக்கம்போலக் கழியை நீட்டினார்.

கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழி முனையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஏய், உடு" என்றார். நான் விடவில்லை. அவர் கழியை விட்டால் கழி போய்விடும். கழி இல்லாமல் தோணி நகராது. இழுத்தால் நான் வருவேன். பதினெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தொடைக்கு ஏறியது. தோணி விளிம்பு மார்புக்கு வந்தது. பத்து வருஷமாகத் தொடாத மரம். கை வைத்தேன். தார் பூசி, வெயிலில் சூடாக இருந்தது. புடவை கனக்க, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கொஞ்சமும் அழகில்லாமல் ஏறி உள்ளே விழுந்தேன்.

கரையிலிருந்து அம்மா கத்தினாள். "ஏறிட்ட இல்ல? கம்முனு குந்து. வாயக் குடுக்காத."

பெரியப்பா சாமான்களுக்குள் குனிந்து எதையோ தேடினார். சமையலுக்கென்று நான் கட்டி வைத்த மஞ்சள்தூள் பொட்டலம், பட்டியலில் முப்பத்தொன்றாவது. அதைப் பிரித்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, நான் கை வைத்த விளிம்பையும் கால் பட்ட இடத்தையும் கழுவினார். பதினாறு பேர் செருப்போடு நடந்த இடத்தை விட்டுவிட்டு, என் ஈரக்கால் பட்ட இடத்தை மட்டும் இரண்டு தடவை கழுவினார். மஞ்சள் தண்ணீர் ஓடி வந்து என் புடவைக் கரையை நனைத்தது. நான் காலை நகர்த்தவில்லை.

கழி ஊன்றினார்கள். தோணி திரும்பியது. மடக்கு நாற்காலிக்கு இருந்த இடத்தில், அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எதற்கென்று இல்லாமல் கரையைப் பார்த்தேன்.

எங்கள் குப்பம் தெரிந்தது. கரையில் நிற்கும்போது எனக்குத் தெரிந்த குப்பம் குடிசை, சேறு, மீன் செதில், நாய். இங்கிருந்து பார்த்தால் பனைவரிசைக்குக் கீழே கூரைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கின. காய்கிற வலைகள் நீலப்புகை மாதிரி இருந்தன. இடது கோடியில் எங்கள் வீடு. அதன் வாசலில் அடுக்கிவைத்த பானைகள்கூடத் தெரிந்தன. அவ்வளவு அழகு. எனக்குக் கோபம் வந்தது.

நைனா, பெரியப்பா, ஊரில் மீசை முளைத்த ஒவ்வொருத்தனும் நாளுக்கு இரண்டு வேளை இதைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், மீனைப் பற்றி, அடுத்த குப்பத்துச் சண்டையைப் பற்றி. நாங்கள் குடியிருக்கிற இடம் தண்ணீரிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும் என்று, ஒரு நாளும், ஒருத்தரும் எங்களிடம் சொன்னதில்லை. கரையில் அம்மா சின்னதாக நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்கிற இடம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"முதல் திட்டு எவ்வளவு தூரம்மா?" பேராசிரியை பின்னாலிருந்து கேட்டார்.

நான் திரும்பவில்லை. இன்னும் பார்த்து முடிக்கவில்லை.